கண்ணாடிக் குழாயில் ஒரு காவல்

பேராவூரணிப் பக்கம் ஓர் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் நாள் என் கையில் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார்கள். உள்ளே அசைவற்றுக் கிடந்த ஒரு புழு, அதன் உடம்பில் பத்துப் பன்னிரண்டு முட்டைகள், பக்கத்தில் எறும்பளவில் ஒரு கருங்குளவி. குழாயைத் திருப்பிப் பார்த்தேன். குளவி முட்டைகளை விட்டு நகரவே இல்லை. பிள்ளைகள் கூட்டுப்புழுவாகும்வரை தாய் இப்படித்தான் காவல் கிடக்கும் என்றார் மூத்த அக்கா. அன்றைக்கே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

கோனியோசஸ் என்பது அதன் பெயர். தென்னையைத் தின்னும் கருந்தலைப் புழுவைத் தேடிப் பிடிக்கும். புழு தன் எச்சத்தையும் நூலையும் சேர்த்துக் கீற்றின் அடிப்பக்கத்தில் குழல் பின்னி, உள்ளிருந்தபடியே பச்சையைச் சுரண்டும். கோடையில் முற்றினால் தோப்பே தீப்பட்டதுபோல் நிற்கும். மருந்து எளிதில் எட்டாத அந்தக் குழலுக்குள் குளவி நுழைந்துவிடும்.

ஒரு காலத்தில், பூச்சிக்கு எதிரி வேண்டுமென்றால் கடல் கடந்துதான் தேடினார்கள். 1888இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டு போனது. நம் பக்கத்துச் சப்பாத்திக்கள்ளியை அழித்த பூச்சியும் 1926இல் இலங்கையிலிருந்து வந்ததுதான். கள்ளியே வெளிநாட்டுச் செடி, அதற்கு வெளியாள் தேவைப்பட்டது. கருந்தலைப் புழுவோ இந்த மண்ணுக்கே உரியது, அதன் எதிரிகளும் இங்கேயே இருந்தன. சென்னை மாகாணப் பூச்சியியலாளர்கள் மலபார், தென்கன்னடக் கரையோரத் தோப்புகளில் அவற்றைப் பிடித்து, வளர்த்து, திரும்ப அதே தோப்புகளில் விட்டார்கள். 1934இல் எங்கள் குளவியை அறிவியல் உலகுக்கு விவரித்தவர் மியூஸ்பெக் என்ற அமெரிக்கர். ராமச்சந்திர ராவ், செரியன், அனந்தநாராயணன் மூவரும் தென்னிந்திய அனுபவத்தை 1948இல் விரிவான கட்டுரையாக எழுதினார்கள். உள்ளூர்க் குளவியை நம்பியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன்.

தோப்பிலேயே இருக்கும் குளவியை வளர்ப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. புழு குறைந்தால் குளவியும் இரையில்லாமல் குறைந்துவிடும். மறுபடி வெயில் ஏறிப் புழு பெருகும்போது குளவி பின்தங்கிவிடும். அந்த இடைக்காலத்தில் அதற்குச் சோறு போட்டு வைப்பதுதான் எங்கள் வேலை.

சோறு என்பது கார்சைரா, அரிசி அந்துப்பூச்சி. உடைத்த கம்பு இரண்டரைக் கிலோ, நிலக்கடலைத் தூள் 100 கிராம், கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் கந்தகம். பேசினில் கலந்து அந்து முட்டையைத் தூவிக் காடாத்துணியால் கட்டுவோம். வளர்ந்த புழுக்களைக் குளவிக்குக் கொடுப்போம், தாய்க்குளவிக்குப் பஞ்சில் தேன். மிச்சப் புழுக்கள் நாற்பது நாளில் அந்தாகும். அவற்றைப் பிடிக்கும்போது செதில்தூள் புகைபோல எழும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் பிடித்தோம். எங்களில் பலருக்கு இளைப்பு வந்தது. முகமூடி கிடைக்க ஏழு வருடம் ஆனது. விவசாயிக்கு விஷமில்லாத தோப்பைக் கொடுத்த பெண்களின் நெஞ்சு இப்படி அடைத்தது, அதையும் இந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும்.

ஒருமுறை பிரக்கான் குளவி பேசினுக்குள் புகுந்துவிட்டது. தோப்பில் அதுவும் நமக்கு நண்பன்தான். பேசினில் புகுந்தால் மொத்த அந்துப்புழுவும் போச்சு. அன்று அழுதேன்.

கோனியோசஸை ஜனவரியிலேயே தோப்பில் விடத் தொடங்கிவிட வேண்டும். எக்டேருக்கு 3000 குளவி, புழு சிறிதாக இருக்கும்போதே. ஒரு தோப்பில் குழாய்களை மரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தோப்புக்காரத் தம்பிக்கு மனசு கேட்கவில்லை.

“புழு மேலதானேக்கா இருக்கு? ஆளை ஏத்தி உச்சியில விடச் சொல்லட்டுமா?”

“உச்சியில சிலந்தி இருக்கு தம்பி, தின்னுடும். இங்க விடு, அதுவே தேடிப் போகும்.”

பஞ்சை எடுத்துவிட்டுக் குழாயை மெல்லத் தட்டினேன். ஒவ்வொன்றாக விளிம்புக்கு வந்து, சற்று நின்று, பறந்தன.