அரிச்சந்திரன் போன பிறகு

எங்க வீட்டில் ரெண்டு தடி இருந்தது. ஒன்று கூரைக்கு வெளியே, தெற்குப் பக்கம் செருகியிருக்கும். நுனியில் இரும்புப் பூண் போட்டது. தாத்தா கையிலிருந்து அப்பா கைக்கு வந்தது. பிணம் வேகும்போது புரட்டிவிடுகிற தடி. இன்னொன்று வீட்டுக்குள், கூத்துச் சாமான் பெட்டியோடு இருக்கும். சவுக்குக் கழியில் ஜிகினாத் தாள் சுற்றியது. மயான காண்டத்தில் அரிச்சந்திரன் பிடிக்கிற தடி. அப்பாவுக்கு ரெண்டு வேலையும் உண்டு. ஊருக்கு வெட்டியான். ஜமாவில் அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறவர்.

நான் நாலாவது படிக்கிறப்போ ஊர்த்தெருவில் ஒரு கருமாதிக்கு எங்க ஜமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். செய்யாறு பக்கம் சாவு வீட்டுக் காரியத்துக்குக் கூத்து வைப்பது வழக்கம். பெரும்பாலும் கர்ண மோட்சம் கேட்பார்கள். அந்த வீட்டில் அரிச்சந்திரா கேட்டார்கள். சவுக்குக் கழி அதற்கு முந்தின கூத்தில் உடைந்துபோயிருந்தது. ராத்திரி புதுசு வெட்ட நேரமில்லை. கூரையில் இருந்த தடியையே அப்பா எடுத்துக்கொண்டார். ஊர் முனையில் ஒரு பெரியவர் நிறுத்தினார்.

“டேய், என்னடா அது?”

“தடி ஆண்டே. மயான காண்டத்துக்கு.”

“எந்தத் தடின்னு எனக்குத் தெரியாதா? போன மாசம் எங்க அம்மாவைப் புரட்டின தடிடா அது. தெருவுக்குள்ள வரக்கூடாது. வேற வெட்டிக்க.”

அப்பா திரும்பிப் போய்த் தடியைக் கூரையில் செருகிவிட்டு, இருட்டில் ஒரு கழி வெட்டி, ஜிகினா சுற்றிக்கொண்டு வந்தார். நான் பின்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மூணு மணிக்கு மேல் மயான காண்டம். ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு, அரையில் கறுப்புத் துணி கட்டி, தோளில் தடி வைத்துக்கொண்டு சுடலையில் நிற்கிறான். தெருவே அழுதது. நான் அந்தப் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் நடித்தார் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே அழுதார். ஆனால் எதற்காக அழுதார்? அந்தக் கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். நாடகம் படிக்கப் போனதும் அதனால்தான்.

கதை எல்லோருக்கும் தெரியும். பொய் பேசாத ராஜா விசுவாமித்திரனிடம் நாட்டை இழக்கிறான். கடனை அடைக்கப் பெண்டாட்டி பிள்ளையை விற்கிறான். கடைசியில் தன்னையும் வீரபாகு என்கிற வெட்டியானுக்கு விற்கிறான். பிணம் சுட வருகிறவர்களிடம் கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி வாங்கவேண்டும். பணமும் துண்டும் வீரபாகுவுக்கு. வாய்க்கரிசி அரிச்சந்திரனுக்கு. பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். சொந்த மகன் என்று தெரிந்த பிறகும் கூலி கேட்கிறான்.

பிணத்தைத் தூக்கிப் போகிறவர்கள் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லுக்கு முன்னால் இறக்குவார்கள். வெட்டியான் அங்கே நின்று பாட்டுப் பாடுவான். பாடி முடித்துத் தனக்குச் சேரவேண்டியதைக் கேட்பான். அரிச்சந்திரன் கேட்டதைத்தான் என் தாத்தாவும் கேட்டார். ராஜாவே கேட்டதாயிற்றே, எனக்குக் கொடுக்க என்ன என்பது அதன் உட்பொருள். கதையைக் காட்டித்தான் கூலி வாங்க முடிந்தது. கூத்தில் நடப்பதும் சுடலையில் நடப்பதும் எங்களுக்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது வேறு, இது வேறு.

அந்த முழத்துண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மனுதர்மத்தின் 10ஆம் அத்தியாயம் சண்டாளன் ஊருக்கு வெளியே இருக்கவேண்டும், செத்தவர்களின் துணியை உடுத்தவேண்டும், நாதியற்ற பிணத்தைத் தூக்கவேண்டும் என்கிறது. சட்டமாக எழுதப்பட்டது அது. கதையில் அதே துண்டு சத்தியத்தின் சோதனையாக வருகிறது. ராஜாவுக்குச் சில நாள் சோதனை. எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை. ஒருவனுக்கு வந்த பெரிய துன்பம் என்று ஊர் எதைப் பார்த்து அழுகிறதோ, அது பக்கத்துச் சேரியில் தினசரி நடக்கிற காரியம். ராஜா வெட்டியான் ஆகிவிட்டானே என்றுதான் அந்தப் பெரியவர் அழுதிருக்கவேண்டும். வெட்டியான் வெட்டியானாக இருப்பதில் அழுவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கதை இந்தியாவையே ஆட்டிவைத்த கதை. ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது ஒரு கம்பெனி நாடகத்தில் அரிச்சந்திரனைப் பார்த்ததைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது அவரைப் பிடித்து ஆட்டியது. மனசுக்குள் பல தடவை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்தார். எல்லோரும் அவனைப்போல் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். 1913இல் பால்கே எடுத்த முழுநீளப் படமும் ‘ராஜா அரிச்சந்திரா’தான். 1944இல் ஏ.வி. மெய்யப்பன் கன்னட அரிச்சந்திராவைத் தமிழ் பேசவைத்து வெளியிட்டார். தமிழுக்கு வந்த முதல் மொழிமாற்றுப் படம் அது. நம் பக்கம் ஸ்பெஷல் நாடக மேடைகளிலும் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ என்று போட்டால் கூட்டம் சேரும்.

சினிமாவில் ஒரு வசதி உண்டு. திரையில் தெரிகிற தடி யார் தெருவுக்குள்ளும் வருவதில்லை. கூத்தில் அப்படி முடியாது. நடிக்கிறவன் உடம்போடு வந்து நிற்கவேண்டும். அவனும் பார்க்கிறவனும் ஒரே ராத்திரி, ஒரே மண்ணில் இருக்கவேண்டும். அதனால்தான் எந்தத் தடி வரலாம், எது வரக்கூடாது, யார் எங்கே உட்காரவேண்டும், கூத்து முடிந்து விடிந்ததும் யார் எந்த வழியாகப் போகவேண்டும் என்றெல்லாம் ஊர் தீர்மானிக்கவேண்டி வந்தது. நாடக வரலாறு எழுதியவர்கள் ஆசிரியர்களையும் கம்பெனிகளையும் பற்றி நிறைய எழுதினார்கள். மேடைக்கு முன்னால் இருந்த தரை யார் யாருக்கு எப்படிப் பங்கு போடப்பட்டது என்பது அவற்றில் நான் தேடிச் சலித்த விஷயம்.

காந்தி அந்த நாடகத்தில் சத்தியத்தைப் பார்த்தார். அம்பேத்கர் பார்த்த இடம் வேறு. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அவர் முன்னிலையில் மனுதர்மம் எரிக்கப்பட்டது. அடுத்த வருஷமே, 1928இல், பம்பாய் சட்டசபையில் மகர்களின் பரம்பரைக் கிராம ஊழியம் குறித்து ஒரு மசோதா கொண்டுவந்தார். சாவுச் சேதி சொல்லப் போவது உட்பட ஊர் ஏவுகிற வேலைக்கெல்லாம் ராப்பகலாக ஓடவேண்டிய ஊழியம் அது. மசோதா அன்று சட்டமாகவில்லை. ஆனால் சோதனையைத் தாங்கு, தேவர்கள் வருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. இந்த வேலையை யார் தலையில் யார் கட்டினார்கள் என்று கேட்டார்.

தமிழில் அதற்கும் முன்னால் கேட்டவர் பண்டிதர் அயோத்திதாசர். 1914இல் மறைந்தார். அவர் எழுதியவற்றில் ஒன்றின் பெயர் ‘அரிச்சந்திரன் பொய்கள்’. உண்மைக்கே மறுபெயராக ஊர் சொல்லிக்கொண்டிருந்த ஒருவனுக்குப் பக்கத்தில் பொய் என்ற சொல்லை வைக்க அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்? பள்ளிக்கூடத்தில் எனக்கு அரிச்சந்திரனைச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தலைப்பை யாரும் சொல்லவில்லை.

கல்லூரிக்கு வருகிறேன். அப்பா என்னைச் சென்னைக்கு அனுப்பும்போது ஒன்றுதான் சொன்னார். “கூரையில இருக்கிறதும் உனக்கு வேணாம், பெட்டிகிட்ட இருக்கிறதும் வேணாம். ரெண்டு தடியும் என்னோட போகட்டும்.” அவருடைய எதிர்பார்ப்பு அவ்வளவுதான். ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலை. நான் இளங்கலை முடித்துவிட்டு, அவரிடம் முழுசாகச் சொல்லாமலே, நாடகத்தில் முதுகலை சேர்ந்தேன்.

இரண்டாம் வருஷம் நவீன முறையில் அரிச்சந்திரா போட்டார்கள். எனக்கு வீரபாகு. இயக்கியவர் நல்ல மனுஷர், முற்போக்குக்காரர். “உனக்கு இது இயல்பா வரும்” என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அரிச்சந்திரனாக நடித்தவனுக்கு ஒரு மாசம் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இயல்பாக வருமாம். அப்பா அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறவர், எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில்தான் சிக்கல். எல்லாம் சோதனை என்று தெரிகிறது. மகன் எழுந்திருக்கிறான். நாடு திரும்பி வருகிறது. வீரபாகுவும் வெட்டியான் இல்லையாம். மார்க்கண்டேய புராணத்தில் அவன் தர்மதேவதை. எங்க பக்கத்துக் கூத்தில் எமதருமன். ராஜா ஒரு சாதாரண வெட்டியானுக்கு அடிமையாக இருந்தான் என்பதைக் கதையாலேயே தாங்கமுடியவில்லை. எசமானையும் தேவனாக்கிவிட்டுத்தான் முடிக்கிறது.

ஒத்திகையில் சொன்னேன்: “வீரபாகு மாற வேண்டாம். வெட்டியானாகவே நிற்கட்டும். ராஜா கிளம்பிப் போகட்டும். இவன் தடியோடு நின்னுகிட்டு இருக்கட்டும். விளக்கை அணைச்சிடலாம்.”

கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கதை முடியாத மாதிரி இருக்கும் என்றார்கள். பார்வையாளர்கள் ஏமாந்துபோவார்கள் என்றார்கள். அடுத்த நாடகத்தில் பார்க்கலாம் என்றார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். நிகழ்ச்சி அன்று தடியைக் கீழே போட்டுவிட்டுக் கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்பாவுக்குச் சேதி எப்படியோ போயிருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். டீக்கடையில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“ராஜா நாட்டுக்குப் போயிட்டான். வெட்டியான் வானத்துக்குப் போயிட்டான். எல்லாரும் போயிட்டா நாளைக்கு வர பொணத்தை யாருடா எரிக்கிறது?”

நான் பதில் சொல்லவில்லை.

“நானும் முப்பது வருஷமா அப்படித்தான் முடிக்கிறேன். விடிஞ்சதும் கிரீடத்தைக் கழட்டிட்டு நான்தான் போறேன்.” டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “உன் கையில தடியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஆடிப்போச்சு. வேஷந்தான், தெரியுது. வேஷத்துக்குக்கூட வேணாண்டா.”

அதற்கப்புறம் நான் நிறையத் தேடிப் படித்தேன். 1990களின் தொடக்கத்தில் கே.ஏ. குணசேகரன் ‘பலி ஆடுகள்’ போட்டார். தலித் நாடகம் என்று பெயர் சொல்லிக்கொண்டு தமிழில் வந்த முதல் நாடகங்களில் அது ஒன்று. 2005இல் ‘வடு’ எழுதி, மேடையில் பாடியவன் எங்கிருந்து வந்தான் என்பதையும் சொல்லிவிட்டு, 2016இல் போனார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். சாவுக்கு மட்டும் அடிக்கவேண்டும், ஆம்பளை மட்டும் அடிக்கவேண்டும் என்ற ரெண்டு கட்டையும் ஒரே அடியில் உடைத்தார்கள். இவர்கள் யாரும் பறையை ஜிகினா சுற்றி எடுத்து வரவில்லை. எதைத் தெருவுக்குள் விடமாட்டேன் என்றார்களோ அதையே எடுத்து வந்தார்கள்.

ஆனாலும் அப்பாவின் பேச்சு என்னை விடவில்லை. மேடையில் பறை விடுதலையின் குரல் என்று எழுதுகிறோம். சரிதான். ஊரில் சாவு விழுந்தால் இன்னும் எங்க தெருவுக்குத்தான் ஆள் வருகிறது. அடிக்க மாட்டோம், எரிக்க மாட்டோம் என்று மறுத்த சேரிகள் என்ன பாடுபட்டன என்பதை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேடையில் தடியை உயர்த்திப் பிடிப்பது எனக்கு விடுதலையாக இருக்கலாம். அதைக் கூரையில் செருகிவைத்து வாழ்ந்தவருக்கு, மகன் கையில் அது வராமல் இருப்பதுதான் விடுதலை. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிச்சந்திரன் போன பிறகு தொடங்குகிற நாடகம். தேவர்கள் கிளம்பிவிட்டார்கள். பூமாரி பொழிந்து முடிந்து பூவெல்லாம் சாம்பலோடு கிடக்கிறது. நிஜமான வெட்டியான் வந்து அதைக் கூட்டுகிறான். சுடுகாட்டு வாசலில் அடுத்த பிணம் இறக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு முன்னால் நின்று அவன் பாடவேண்டும். பாடுவானா, மாட்டானா என்பதில் நின்றுகொண்டிருக்கிறேன்.

இரும்புப் பூண் போட்ட தடியை இந்த நாடகத்துக்குக் கேட்டேன். அப்பா தரமாட்டேன் என்றார். ரெண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணினார்.

“எந்த ஊர்ல போடப்போறே?”

“நம்ம ஊர்ல. ஊர்த்தெருவுல.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப நீ பிடிக்காதே. நானே எடுத்துக்கிட்டு வரேன்” என்றார்.