தீயும் தீ மூல ஆய்வும்: குருண் வட்டாரம்

தீ என்பது எரிபொருளும் ஆக்சிஜனும் போதிய வெப்பத்தின் தூண்டுதலால் விரைந்து வினைபுரிந்து, வெப்பத்தையும் ஒளியையும் வெளிவிடும் வேதிவினை. வெளிவரும் வெப்பத்தில் ஒரு பகுதி அடுத்த எரிபொருளைச் சூடேற்றுவதால் வினை சங்கிலியாகத் தொடர்கிறது. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம், சங்கிலி வினை ஆகிய நான்கில் ஒன்றை நீக்கினால் தீ அணையும். தீ மூல ஆய்வு என்பது, எரிந்து முடிந்த இடத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, தீ எங்கே தொடங்கியது, முதலில் பற்றியது எது, எந்த வெப்பம் அதைப் பற்றவைத்தது, இவை எப்படி ஒன்றுசேர்ந்தன என்று கண்டறிவது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில், அலோர் ஸ்டாருக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையே உள்ள ஊர் குருண். ரப்பர் தோட்டம், செம்பனை, வயல், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், வரிசை வீடுகள், அமோனியாவும் யூரியாவும் செய்யும் பெட்ரோனாஸ் உர ஆலை ஆகிய அனைத்தும் இவ்வட்டாரத்தில் அருகருகே இருப்பதால், தீயின் பெரும்பாலான வகைகளுக்கு இங்கேயே எடுத்துக்காட்டுக் கிடைக்கும்.

எரிதல்

விறகு சூடேறும்போது அதிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் சிதைந்து ஆவிகளாக வெளியேறுகின்றன. ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்கு மேல் இந்தச் சிதைவு வேகம் பெறும். காற்றோடு கலந்த அந்த ஆவியே சுடராக எரிகிறது. திரவமும் அப்படியே: எரிவது அதன் மேல் நிற்கும் ஆவிதான். பெட்ரோல் சுமார் −40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியைத் தரும். டீசலை 50 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். ஆகவே மலேசிய வெயிலில் தரையில் சிந்திய பெட்ரோலுக்கு ஒரு பொறி போதும், டீசலுக்குப் போதாது.

வாயுக்கள் காற்றில் குறிப்பிட்ட அளவு கலந்திருந்தால் மட்டுமே பற்றும். சமையல் எரிவாயுவுக்கு அந்த அளவு ஏறத்தாழ 2 முதல் 9.5 விழுக்காடு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். சன்னலைத் திறந்துவிட்டதாலேயே அறை பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணக்கூடாது.

சுடரில்லாத எரிதலும் உண்டு. கொசுவர்த்திச் சுருளிலும் கரியிலும் ஆக்சிஜன் திண்மப் பரப்பையே நேராகத் தாக்கும்; கங்கு மட்டும் தெரியும். மெத்தையில் விழுந்த கங்கு நெடுநேரம் புகைந்து, பிறகே சுடராக எழலாம். எனவே தீயைக் கண்ட நேரமும் அது தொடங்கிய நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விசாரணையில் அடிக்கடி தவறவிடப்படுவது இதுதான்.

வெளியிலிருந்து கங்கோ பொறியோ வராமலும் தீப்பிடிக்கும். ஈரத்தோடு குவித்த வைக்கோல் போரின் நடுவே நுண்ணுயிர்கள் பெருகி, வெப்பம் 70 டிகிரி வரை ஏறும். அதற்குமேல் வேதிவினை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. வெளியேறும் வெப்பத்தைவிட உள்ளே பிறக்கும் வெப்பம் மிகும்போது போர் உள்ளிருந்தே பற்றுகிறது.

ரப்பர்

இயற்கை ரப்பர் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீள்மூலக்கூறு. ஒரு கிலோ ரப்பர் எரிந்தால் வரும் வெப்பம் பெட்ரோலிய எண்ணெய்க்கு நிகரானது. விறகைப்போல் இரு மடங்குக்கும் மேல். எரியும்போது இளகி ஒழுகும், கரும்புகை கக்கும். ரப்பர் பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டையாக இழுத்து, அந்த ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவது தோட்ட வழக்கம். சில நாள்களுக்கு 40 முதல் 60 டிகிரி வரை வெப்பமும் புகையும் கொடுக்கப்படும். விறகுச் சூளையும் எண்ணெய்க்கு நிகரான எரிபொருளும் ஒரே கூரையின் கீழ் இரவும் பகலும் இருக்கும் இடம் அது. கழன்று விழும் ஒரு ஷீட் சூடான புகைவழிமேல் படிந்தாலோ, காற்றுத்திறப்பு அளவுக்கு மீறித் திறந்திருந்தாலோ, மேலே தொங்கும் வரிசைகளுக்குச் சுடர் தாவிவிடும். ஒழுகும் ரப்பர் தீயைக் கீழ்நோக்கியும் கொண்டுசெல்லும். கீழே கருகியிருப்பதால் தீ அங்கேதான் தொடங்கியது என்ற முடிவு புகைக்கூடத்தில் செல்லாது. சூளையைக் கவனித்தவர் எப்போது விறகு போட்டார், எந்த வரிசை எப்போது ஏற்றப்பட்டது என்ற விவரங்கள் கருகலின் அளவுக்கு முக்கியமானவை.

தோப்புத் தீ வேறு வகை. கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம். ரப்பர் மரம் இலையுதிர்ப்பதும் இதே காலத்தில்தான். தரை முழுவதும் காய்ந்த சருகு. லாலாங் புல் மண்டிய ஓரங்களில் ஒரு சிகரெட் துண்டும் அறுவடைக்குப் பின் வயலில் கொளுத்தும் வைக்கோலும் போதிய காரணங்கள். தீ போன திசையைத் தடயங்கள் சொல்லும். காற்று அடிக்கும் பக்கத்தைவிட அதற்கு மறுபக்கத்தில்தான் மரத்தண்டின் கருகல் உயரமாக ஏறியிருக்கும். கற்களில் தீ வந்த பக்கம் கரி படியும். இவற்றை ஒவ்வொன்றாகக் குறித்து, எரிந்த பரப்பின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நடந்து, தொடக்கப் புள்ளியைச் சுருக்கிக் காண்பார்கள்.

கட்டடத் தீ

அறைக்குள் தீ பிடித்தால் சூடான புகை முதலில் கூரையடியில் தேங்குகிறது. அந்தப் புகைப்படலம் 500 முதல் 600 டிகிரியை எட்டும்போது, அதன் கதிர்வீச்சால் அறையிலுள்ள பொருள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. இந்த முழுப்பற்றலுக்குப் பிறகு உள்ளே யாரும் உயிருடன் இருக்க முடியாது. நுரை மெத்தை இருக்கைகள் உள்ள வீட்டில் இதற்குச் சில நிமிடங்களே ஆகும். தீவிபத்துகளில் பலரைக் கொல்வது சுடரல்ல. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு.

பழைய லயங்கள் மரச்சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. பல வீடுகளுக்குக் கூரையடி வெளி ஒன்றே. ஒரு சமையலறையில் எழுந்த சூடு அந்த வெளியில் பரவி, நடுவிலுள்ள வீட்டைத் தாண்டி அடுத்ததில் இறங்கலாம். ஆய்வாளர் இதை அறியாவிட்டால் இரண்டு இடங்களில் தீ வைத்ததாகத் தவறாக முடிவுகட்டுவார். நகர வரிசை வீடுகளில் ஆபத்து இரும்புக் கிரில்லில் இருக்கிறது: திருடனைத் தடுக்கப் பூட்டிய கதவு வீட்டாரையும் தடுக்கும். சாவி கதவருகிலேயே, எல்லாரும் அறிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

குருணை அடுத்த யான் மாவட்டத்தின் பாடாங் லுமாட்டில், 1989 செப்டம்பர் 22 அன்று சமயப் பள்ளி ஒன்றின் மாணவியர் தங்கும் விடுதிகளில் பற்றிய தீ 27 மாணவியரைக் கொன்றது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கொட்டகையின் கீற்றில் பிடித்த தீ பள்ளிக்கூடத்தின் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. தீ எப்படித் தொடங்கியது என்பதும், அது ஏன் இத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் வெளியேறும் வழியிலும் கட்டுமானப் பொருளிலும் இருக்கும். நல்ல ஆய்வு இரண்டுக்கும் விடை தேடும்.

மூலம் காணல்

ஆய்வு குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகமாக எரிந்த இடத்துக்குச் செல்லும். சுவரில் படிந்த வடிவம், மரத்தின் கருகல் ஆழம், உருகிய உலோகம் ஆகியவை குறிக்கப்படும். அலுமினியம் 660 டிகிரியிலும் செம்பு சுமார் 1,085 டிகிரியிலும் உருகுவதால், எந்த உலோகம் உருகியது என்பது அந்த இடத்தின் வெப்பத்தை ஓரளவு காட்டும். எண்ணெய் ஊற்றியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், தரையின் மாதிரிகள் காற்றுப்புகாத தகரக் கலன்களில் அடைக்கப்பட்டு ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை முறையில் சோதிக்கப்படும். சாதாரண பிளாஸ்டிக் பையில் எடுத்த மாதிரி நம்பத்தக்கதல்ல.

இத்துறையில் நெடுங்காலம் நிலவிய சில விதிகள் பொய்யென நிறுவப்பட்டுள்ளன. நெளிநெளியாக வெடித்த கண்ணாடி எண்ணெய்த் தீயின் அடையாளம் என்றார்கள். சூடான கண்ணாடியில் தீயணைப்பு நீர் பட்டாலும் அப்படியே வெடிக்கும். தரையில் குளம்போல் கருகியிருந்தால் பெட்ரோல் ஊற்றப்பட்டது என்றார்கள். அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் 1991இல் ஒரு வழக்குக்காக, எரிந்த வீட்டைப் போன்ற பக்கத்து வீட்டில் அதேபோன்ற இருக்கைகளை வைத்துக் கொளுத்திப் பார்த்தபோது, எண்ணெய் ஒரு துளியும் இல்லாமலே அதே வடிவம் உண்டானது. முழுப்பற்றலே அதை உண்டாக்கியிருந்தது. அமெரிக்காவில் 1992இல் வெளிவந்த தீ ஆய்வு வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921, ஒவ்வொரு கருதுகோளையும் சான்றால் சோதிக்க வேண்டும் என்று வகுத்தது. மற்ற காரணங்கள் இல்லை என்பதாலேயே தீவைப்பு என முடிவுகட்டுவதை அதன் பிந்தைய பதிப்பு ஏற்கவில்லை.

மின்கோளாறு பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். எரிந்த வீட்டில் உருகிய கம்பி இல்லாதிருப்பது அரிது. கம்பி முனையில் உருண்ட செம்பு மணி, தீ அங்கு வந்தபோது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. தீயைத் தொடங்கியது அதுவா, தீயால் விளைந்தது அதுவா என்பதை மணி மட்டும் சொல்லாது. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சமயப் பள்ளியில் 23 பேர் இறந்தபோது, முதல் சில மணிநேரத்தில் மின்கோளாறோ கொசுவிரட்டியோ காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. எரிவாயுக் கலன்கள் இருக்கக்கூடாத இடத்தில், மாணவர் தங்கும் கூடத்தின் வாசலருகே கிடந்தது விசாரணையைத் திருப்பியது. அது திட்டமிட்ட தீவைப்பு என்று தெரியவந்தது.

ஆலைத் தீ

குருண் உர ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனும், அதிலிருந்து அமோனியாவும், பின்பு யூரியாவும் பெறப்படுகின்றன. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடும், ஹைட்ரஜன் 4 முதல் 75 விழுக்காடும், அமோனியா 15 முதல் 28 விழுக்காடும் இருந்தால் பற்றும். அமோனியாவைப் பற்றவைப்பது கடினம். அதன் முதல் ஆபத்து நச்சுத்தன்மை. யூரியா, 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த அம்மோனியம் நைட்ரேட்டைப் போன்றதல்ல. இரண்டையும் உரம் என்ற ஒரே பெயரில் குழப்பி அஞ்சுவது தேவையற்றது. மலேசியாவில் தொழிலிடத் தீயின் கொடிய பாடம் சுங்கை பூலோவில் 1991 மே 7 அன்று நிகழ்ந்த பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடிப்பு. 26 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது.

பொறுப்பு

மலேசியாவில் தீயணைப்பும் தீ மூல ஆய்வும் பொம்பா என்று மக்கள் அழைக்கும் தீயணைப்பு மீட்புத் துறையின் பணி. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் அதற்கு அதிகாரம் அளிக்கிறது. குற்றம் எனத் தோன்றினால் காவல்துறை குற்றவியல் சட்டத்தின் 435, 436 பிரிவுகளின்கீழ் விசாரிக்கும்.  மாதிரிகளை வேதியியல் துறை சோதிக்கும். தீ அணைந்த இடத்தை ஆய்வாளர் வரும்வரை வீட்டுக்காரரும் தோட்ட நிர்வாகமும் கூட்டிப் பெருக்காமல் விட்டுவைக்க வேண்டும். குப்பை என்று அள்ளிப்போடும் கருகிய பிளக்கும் கொசுவர்த்திச் சுருளின் தகரத் தட்டும் சில நேரங்களில் வழக்கின் ஒரே சான்றாக இருக்கும்.