தரந்தா: நோய் வீட்டு ஆட்டமும் கல்யாண வீட்டு ஆட்டமும்

இத்தாலியின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்குள் குதிகால்போல் நீண்டிருக்கிறது சாலெந்தோ வட்டாரம். அங்கே மெல்பிஞ்ஞானோ என்றொரு சிற்றூர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊரில் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரே இரவில் லட்சம் பேர் கூடுகிறார்கள். பழைய துறவிமடம் ஒன்றின் எதிரே மேடை போட்டு விடியவிடியப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். 1998இல் தொடங்கிய இந்த விழாவுக்குத் ‘தரந்தா இரவு’ என்று பெயர். உள்ளூர்ப் பாடகர்களோடு, வேறு இசை மரபுகளில் ஊறிய ஒருவரை இசை நடத்துநராக அழைப்பது அங்கு வழக்கம். 2000இல் ஜாஸ் மேதை ஜோ ஸாவினுல் வந்தார். 2003இல் ‘போலீஸ்’ ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லண்ட், 2010இல் பியானோக் கலைஞர் லுதோவிக்கோ ஐனௌதி, 2012இல் பால்கன் இசைக்காரர் கோரான் பிரெகோவிச் என்று அந்த வரிசை நீள்கிறது. விழாவின் புகழோடு ஒரு கதையும் பரவியது. பீட்சிக்கா எனப்படும் இந்த ஆட்டம் பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் மனநோயைத் தீர்த்த மருந்து, ஆகவே இன்று ஆடுகிறவருக்கும் அதே பலன் உண்டு என்பது அந்தக் கதை. நலவாழ்வு விழாக்களிலும் நடனப் பயிலரங்குகளிலும் இந்த உறுதிமொழி தாராளமாகப் புழங்குகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பெண்கள் உண்மையில் எதனால் எழுந்து நடந்தார்கள் என்பதை மறைத்துவிடுகிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஜூன் மாதம், கோதுமை அறுவடைக் காலம். வயலில் வேலை செய்த ஒரு பெண் திடீரென்று சுருண்டு விழுவாள். உடல் நடுங்கும், பேச்சு நிற்கும், சோறு இறங்காது. சிலந்தி கடித்துவிட்டது என்று வீட்டார் முடிவு செய்வார்கள். அந்தச் சிலந்திக்குத் தரந்தா என்று பெயர். தாரந்தோ என்ற துறைமுக நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. உடனே வாத்தியக்காரர்களுக்கு ஆள் போகும். தரையில் வெள்ளைத் துணி விரித்து, அதில் அவளைக் கிடத்தி, சுற்றிலும் வாசிப்பார்கள். வயலின் ஒன்று, நம் கஞ்சிராவைப் போலத் தோலும் சிறு தாளத்தட்டுகளும் உள்ள தம்புரெல்லோ ஒன்று, பிற்காலத்தில் கிதாரும் அக்கார்டியனும் சேர்ந்துகொண்டன. ஏதோ ஒரு மெட்டுக்கு அவள் உடல் அசையும். தரையில் சிலந்திபோல் ஊர்வாள், பிறகு எழுந்து சுற்றிச்சுற்றி ஆடுவாள், களைத்து விழுவாள், மறுபடி எழுவாள். ஒரு நாளில் முடிவதும் உண்டு, மூன்று நாள் நீள்வதும் உண்டு. அடுத்த ஆண்டு அதே ஜூனில் ‘கடி’ திரும்ப வரும்.

இது நாட்டுப்புறத்துக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாத அளவுக்கு எழுத்துச் சான்று இருக்கிறது. மெசாஞ்ஞே ஊர் மருத்துவர் எபிஃபானியோ ஃபெர்தினாந்தோ 1621இல் வெளியிட்ட நோயாளர் குறிப்புகளில் இதை விரிவாக எழுதினார். இதெல்லாம் நடிப்பு என்றவர்களுக்கு அவர் சொன்ன பதில் சுவையானது: நடிப்பு என்றால், கையில் காசில்லாத இந்த மக்கள் இருப்பதையெல்லாம் வாத்தியக்காரருக்குக் கொட்டிக்கொடுப்பார்களா? 1641இல் இயேசு சபை அறிஞர் அத்தனாசியுஸ் கிர்ஹெர், காந்தவியல் பற்றிய தம் நூலில் இந்த மெட்டுகளையே இசைக்குறிப்பாகப் பதித்தார். இசை காற்றை அசைக்கிறது, காற்று உடலின் திரவங்களைக் கலக்குகிறது, விஷம் வியர்வையாக வெளியேறுகிறது என்பது அவர் விளக்கம். லெச்சே நகரில் வளர்ந்த மருத்துவர் ஜார்ஜோ பாலீவி 1690களில் இதற்கென்றே தனி ஆய்வுரை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. நேப்பிள்ஸ் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ செராவோ 1742இல், பழியைச் சிலந்தியின்மேல் போடாமல் அந்த மக்களின் மனப்போக்கின்மேல் போட்டார். அதற்குப்பின் படித்தவர்கள் பார்வையில் தரந்தா மூடநம்பிக்கையாகச் சுருங்கியது. ஏழைக் குடியானவர் வீடுகளில் மட்டும் தொடர்ந்தது.

விஷம்தான் காரணம் என்ற வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. தாரந்தோவின் பெயரைச் சுமக்கும் பெரிய ஓநாய்ச் சிலந்தி பார்க்கத்தான் பயங்கரம். அதன் கடியால் மனிதருக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அதே வயல்களில் வாழும் இன்னொரு சிலந்தி, கறுப்புடலில் சிவப்புப் புள்ளிகள் கொண்டது, உண்மையிலேயே கொடியது. அது கடித்தால் தசைப்பிடிப்பு, வியர்வை, படபடப்பு, மரணபயம் எல்லாம் வரும். ஆகவே கதையின் வேரில் நிஜமான கடிகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் வேர் வேறு, மரம் வேறு. 1959 கோடையில் இத்தாலிய மானிடவியல் அறிஞர் எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ ஓர் ஆய்வுக் குழுவோடு சாலெந்தோவுக்கு வந்தார். மனநல மருத்துவர், உளவியலாளர், இசை ஆய்வாளர் தியேகோ கார்ப்பிதெல்லா, புகைப்படக்காரர் ஃபிராங்கோ பின்னா ஆகியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் விசாரித்த 37 பேரில் 32 பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு முதல் ‘கடி’ பூப்பெய்தும் பருவத்தை ஒட்டி நிகழ்ந்திருந்தது. ஒருமுறை கடிபட்டவருக்கு ஆண்டுதோறும் குறித்த காலத்தில் அது திரும்பியது. கலாத்தீனா என்ற ஊருக்கு மட்டும் புனித பவுலின் அருளால் பாதிப்பே கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். நாட்காட்டி பார்த்துக் கடிக்கிற, பெண்களையே தேடிக் கடிக்கிற, ஊர் எல்லையை மதிக்கிற சிலந்தி எந்த விலங்கியல் நூலிலும் இல்லை. 1961இல் வெளியான தம் நூலில் தெ மார்த்தீனோ எடுத்த முடிவு இதுதான்: சொல்ல வழியில்லாத துயரங்களுக்கு, அதாவது விரும்பாத கல்யாணம், நிறைவேறாத காதல், சாவு, முதுகொடிக்கும் உழைப்பு ஆகியவற்றுக்கு, சிலந்தி ஒரு பெயரைக் கொடுத்தது.

பெயர் கிடைத்தபின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நர்தோ ஊரில் இந்தச் சிகிச்சைக்குப் பேர்போனவர் லூயிஜி ஸ்திஃபானி. தொழில் முடிதிருத்துவது, வயலினில் வல்லவர். அவர் போன்றவர்கள் வந்ததும் ஒரு பாட்டை எடுத்து வாசித்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு மெட்டாக வாசித்து, எதற்கு அவள் விரல் அசைகிறது என்று சோதிப்பார்கள். நிறங்களுக்கும் இதே சோதனைதான். பல வண்ண நாடாக்களைக் காட்டுவார்கள். எந்த நிறத்தை அவள் பற்றுகிறாளோ, எதைக் கண்டு சீறுகிறாளோ, அதை வைத்து அவளைக் கடித்த சிலந்தி எது என்று அறிவார்கள். ஆடுகிற சிலந்தி உண்டு, பாடுகிற சிலந்தி உண்டு, எந்த இசைக்கும் மசியாமல் வெறுமனே துக்கத்தில் கிடக்கும் சிலந்தியும் உண்டு. சுற்றி நிற்கும் உறவும் அண்டை அயலும் துணி கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், அவள் விழும்போது தாங்குவார்கள். எப்போதும் யாருக்காவது ஊழியம் செய்துகொண்டிருந்த ஒருத்தியை நடுவில் வைத்து, நாள் கணக்கில், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வீடே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகக் கடனும் பட்டது. ஃபெர்தினாந்தோ நேர்மைக்குச் சான்றாகக் காட்டிய அந்தச் செலவு, என் கணக்கில், மருந்தின் ஒரு பகுதி. ஆட்டம் இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரிந்த முனை மட்டுமே.

இதை ஊகமென்று விட்டுவிட வேண்டியதில்லை. வரலாறே ஒரு சோதனையைச் செய்து காட்டியிருக்கிறது. சிலந்திச் சடங்கை அப்படியே விட்டுவைக்க மனமில்லாத திருச்சபை, பதினெட்டாம் நூற்றாண்டில் அதைப் புனித பவுலின் பொறுப்பில் சேர்த்தது. பாம்பு கடித்தும் சாகாத அப்போஸ்தலர் ஆயிற்றே, விஷக்கடிக்குப் பொருத்தமான புனிதர். ஜூன் 29 திருவிழாவை ஒட்டிக் கடிபட்டவர்கள் கலாத்தீனாவில் உள்ள பவுல் சிற்றாலயத்துக்கு வந்து, நன்றி செலுத்தி, அங்குள்ள கிணற்றுநீரைக் குடித்தார்கள். ஆனால் கோயிலுக்குள் வாத்தியத்துக்கு இடமில்லை. வண்ண நாடாவும் இல்லை, மெட்டைத் தேடிக் கொடுக்க முடிதிருத்துநரும் இல்லை. 1959இல் தெ மார்த்தீனோ குழு அங்கே கண்டது ஆட்டத்தையே அல்ல. பெண்கள் கத்தினார்கள், பலிபீடத்தின்மேல் ஏறினார்கள், தரையில் உருண்டார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. உடலசைவு அங்கேயும் குறைவில்லை. அதற்கு ஒரு வடிவமும் முடிவும் கொடுக்கிற ஏற்பாடுதான் காணாமல் போயிருந்தது. நர்தோ வீட்டில் தாளத்துக்கு அடங்கி, ஒரு கட்டத்தில் ஓய்ந்த அதே தவிப்பு, கலாத்தீனாவில் வெறும் வலிப்பாகவே நின்றது. அசைவு தானாகவே குணமாக்கும் என்பவர்கள் இந்தச் சிற்றாலயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் சொல்லக்கூடிய பதிலும் இருக்கிறது. ஆடினால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு ஆழமாகிறது, மனம் லேசாகிறது; இதற்குச் சடங்கும் புனிதரும் எதற்கு? உண்மைதான். ஆனால் அது எந்த ஆட்டத்துக்கும், வேகநடைக்கும்கூடப் பொருந்தும். பீட்சிக்காவின் தாளத்துக்குள் தனியே ஏதோ சக்தி ஒளிந்திருக்கிறது என்பதை அது நிறுவாது. இசையும் பரவசமும் பற்றி 1980இல் பெருநூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் ஜில்பெர் ரூழே, பல நாட்டுச் சடங்குகளை ஒப்பிட்டு, எந்த இசைக்கும் தன்னளவில் ஆளை மயக்கும் ஆற்றல் கிடையாது, அந்த இசைக்கு இன்னது பொருள் என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டிருப்பதே வேலை செய்கிறது என்று வாதிட்டார். தரந்தா விஷயத்தில் அவர் தெ மார்த்தீனோவுடன் உடன்படவில்லை. இது சிலந்தியை வெளியேற்றுவது இல்லை, சிலந்தியே அவள்மேல் இறங்கி ஆடுவது என்றார். உடுக்கடித்துப் பேயோட்டுவதையும் சாமியாடுவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். இருவரில் யார் சொல்வது சரியானாலும் என் வாதத்துக்குக் குந்தகமில்லை. பொருளைத் தருவது ஊர் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் திரும்பி வருகிற நோயைத் ‘தீர்ந்தது’ என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. விரும்பாத கணவன் அப்படியே இருந்தான், நிலம் பண்ணையாரிடமே இருந்தது, அடுத்த நாள் அவள் மறுபடி வயலுக்கோ புகையிலைக் கொட்டகைக்கோ போனாள். ஓராண்டு தாக்குப்பிடிக்க அந்த மூன்று நாள் உதவியது, அவ்வளவுதான். பழைய நூல்களில் இதற்குப் ‘பெண்களின் குட்டிக் கார்னிவல்’ என்றொரு கேலிப்பெயர் உண்டு. அதில் ஏளனத்தைக் கழித்துவிட்டால் ஒரு தகவல் மிஞ்சும்: வேறெந்த நாளிலும் கிடைக்காத இடம் அன்று கிடைத்தது. ஆனால் அந்த இடத்தைப் பெற அவள் நோயாளியாக வேண்டியிருந்தது. இதைப் பெண் விடுதலையின் மூதாதை என்று கொண்டாடுகிறவர்கள், ஜான்ஃபிராங்கோ மிங்கோட்சி 1962இல் எடுத்த ‘தரந்தா’ ஆவணப்படத்தில் அந்தப் பெண்களின் முகங்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அப்படியானால் மெல்பிஞ்ஞானோ மேடை ஒரு மோசடியா? சாலெந்தோவிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். துயரத்தை எடுத்துச் சுற்றுலாப் பொருளாக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் மனத்தாங்கல். இதை நான் ஏற்கவில்லை. காரணம், பீட்சிக்காவுக்கு எப்போதும் இரண்டு வீடுகள் இருந்தன. நோயாளியின் வீட்டில் வாசித்தது ஒன்று; கல்யாணத்திலும் அறுவடை முடிந்த களத்திலும் திருவிழாவிலும் ஜோடியாக, கைக்குட்டை வீசி, கண்ணால் பேசி ஆடியது இன்னொன்று. வாத்தியங்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் பொது. தோர்ரெபாதூலி ஊரில் ஆகஸ்டு 15 இரவு புனித ரோக்கோ விழாவில் விடியும்வரை தம்புரெல்லோ முழங்க, வட்டத்துக்குள் ஆண்கள் கத்திச்சண்டையைப் பாவித்து ஆடுவது இன்றும் நடக்கிறது. அதில் நோய்க்கு எந்த இடமும் இல்லை. இன்றைய விழா இந்த இரண்டாம் வீட்டின் வாரிசு. அதில் பிழையொன்றும் இல்லை. பிழை, முதல் வீட்டின் மருத்துவப் பட்டத்தைத் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டம் எப்போது ஒட்டிக்கொண்டது என்பதையும் ஓரளவு சொல்ல முடியும். 1954இல் அமெரிக்க இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கார்ப்பிதெல்லாவுடன் இங்கே வந்து பாடல்களைப் பதிவு செய்தபோது அவை வயல்பாட்டு, தாலாட்டு, ஆட்டப்பாட்டு என்றே கிடைத்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் இளைஞர்கள் வடக்கத்தித் தொழிற்சாலைகளுக்கும் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனார்கள். தரந்தா என்ற பேச்சே ஊருக்கு வெட்கமாயிற்று. 1975இல் எழுத்தாளர் ரீனா துராந்தே முன்னின்று தொடங்கிய சாலெந்தோ பாடகர் குழு அந்த வெட்கத்தை எதிர்த்தது. அவர்கள் மீட்க நினைத்தது குடியானவர் பாட்டை, சிகிச்சையை அல்ல. 1990களில்தான் பிரெஞ்சு சமூகவியலாளர் ஜார்ஜ் லாபசாத் போன்றவர்கள் மொராக்கோவின் ஞாவா சடங்கிசையையும் நகர இளைஞரின் இரவு நடனங்களையும் தரந்தாவோடு முடிச்சுப் போட்டார்கள். தெ மார்த்தீனோவின் நூலும் அப்போது புதிதாகப் படிக்கப்பட்டது. அவர் ஒரு சமூகத்தின் வறுமைக்குச் சான்றாக எழுதியதை, அடுத்த தலைமுறை ஒரு வட்டாரத்தின் பெருமைக்குச் சான்றாக வாசித்தது. நூல்கள் இப்படிக் கைமாறுவது புதிதல்ல.

விழாவால் விளைந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மெல்பிஞ்ஞானோவும் சுற்றியுள்ள ஊர்களும் கிரீகோ என்ற கிரேக்க வழிமொழி பேசிய ஊர்கள். அந்த ஊராட்சிகள் சேர்ந்துதான் விழாவைத் தொடங்கின. அழிந்துகொண்டிருந்த அந்த மொழியின் பாட்டுகளை இன்று லட்சம் பேர் கேட்கிறார்கள். தம்புரெல்லோ செய்கிறவருக்கு வேலை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பாட்டைக் கற்கிறார்கள். ஓர் ஊரின் நலம் என்பதற்கு இவையும் கணக்கில் வரும். ஆனால் இந்த ஆட்டத்தை வேறொரு நாட்டு நலவாழ்வு விழாவில், ஒன்றரை மணிநேரப் பயிலரங்காக, ஒருவரையொருவர் முன்பின் அறியாத முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, வியர்வையும் மகிழ்ச்சியும் கிடைக்கும் என்று மட்டும் சொன்னால் அது நேர்மையான வியாபாரம். நர்தோவில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது வேறு: மறுநாளும் அதே தெருவில் வாழப்போகிற ஆட்கள், அவளுக்கான மெட்டைத் தேடி மூன்று நாள் காத்திருந்தார்கள். அதைச் சீட்டு விலைக்குள் அடக்க வழியில்லை.