வீட்டுக்கு விளக்கேற்றிய வண்டி

மனிதன் வண்டியைச் செய்தது தன் காலுக்கு ஓய்வு தேடி; மின்சாரத்தை வசப்படுத்தியது தன் கண்ணுக்கும் கைக்கும் துணை தேடி. இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் வளர்ந்து, அண்மை ஆண்டுகளில் ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன. பகலெல்லாம் சாமான் சுமக்கும் பிக்கப் லாரி, ஊரின் மின்சாரம் அறுபட்ட இரவில் வாசலில் நின்றபடியே வீட்டின் விளக்கையும் குளிர்ப்பெட்டியையும் இயக்குகின்றது. இஃது ஒரு நாளில் தோன்றிய அதிசயமன்று. விளக்கெரிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கின்றது என்ற கேள்வி இதன் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகின்றது. மாலையில் சில மணி நேரம் எஞ்சின் ஓடி, அது நின்றதும் லயம் முழுதும் இருளில் மூழ்கிய காலத்தைக் கண்ட பெரியவர்கள் இக்கேள்வியின் பொருளை எளிதில் உணர்வர்.

அமெரிக்க நாட்டில் ஓகையோ மாகாணத்துக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியியல் அறிஞர். மோட்டார் வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் துன்பத்தை ஒழித்து, பேட்டரியின் சக்தியால் கிளப்பும் சாதனத்தை அவர் ஆக்கினார். 1912ஆம் ஆண்டின் காடில்லாக் வண்டியில் அது முதலில் அமைந்தது. பின்னர் 1916இல், ஒரு சிறு எஞ்சினையும் 32 வோல்ட்டுப் பேட்டரி வரிசையையும் இணைத்த 'டெல்கோ லைட்' என்ற வீட்டு மின்சார யந்திரம் விற்பனைக்கு வந்தது. வண்டியைக் கிளப்பக் கற்ற கையே வீட்டுக்கும் விளக்கேற்றியது.

இதற்குத் தேவை இருந்தது. 1930களின் நடுவில் அந்நாட்டுப் பட்டணவாசிகளில் பத்தில் ஒன்பது பேர் மின்சாரம் பெற்றிருக்க, குடியானவர் வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே அது எட்டியிருந்தது. தூரத்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தால் லாபமில்லையென மின்சாரக் கம்பெனிகள் ஒதுங்கி நின்றன. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை நிறுவிய பின்னரே நிலைமை மாறலாயிற்று. 1954இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தன் டிராக்டரிலேயே மின்சார ஜெனரேட்டரைப் பொருத்தி விற்றது. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. எங்கும் கம்பி வந்துவிட்டதால், கம்பி அறுந்தால் என்ன செய்வது என்ற எண்ணமே ஜனங்களுக்கு அற்றுப்போயிற்று.

அந்த எண்ணத்தை அறிவுலகில் மீண்டும் எழுப்பியவர்கள் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டெண்ட்ரே என்னும் இருவர். மின்சார வண்டிகள் நாளின் பெரும்பகுதியும் சும்மா நிற்கின்றன. அவற்றின் பேட்டரியிலுள்ள சக்தியை ஏன் திரும்பப் பெறலாகாது என்று 1997இல் அவர்கள் எழுதினார்கள். எனினும், அவ்வெண்ணம் வீட்டு வாசலுக்கு வர ஒரு பேரழிவு நேர வேண்டியிருந்தது.

2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்கைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. பெட்ரோல் கிடைப்பது அரிதாகிய அவ்விடங்களில் பலவற்றுக்கு மின்சாரமே முதலில் திரும்பியது. நிசான், மிட்சுபிஷி கம்பெனிகள் தம் மின்சார வண்டிகளை நிவாரண வேலைக்கு இரவல் கொடுத்தன. அவ்வண்டிகள் மருந்தும் ஆளும் சுமந்தன. ஆனால் தம்முள் தேங்கியிருந்த சக்தியில் ஒரு விளக்கைக்கூட வெளியே எரிக்க அவற்றுக்கு வழியில்லை. இக்குறை உறுத்தவே, 1500 வாட் சக்தியை வண்டியிலிருந்து எடுத்துத் தரும் ஒரு பெட்டியை 2012இல் மிட்சுபிஷி வெளியிட்டது. அதே ஆண்டில் நிசான், நிச்சிக்கான் என்ற கம்பெனியுடன் சேர்ந்து, தன் 'லீஃப்' வண்டியின் 24 யூனிட் பேட்டரியால் முழு வீட்டையும் இயக்கும் சாதனத்தை அளித்தது. ஒரு சாதாரண ஜப்பானியக் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய இரண்டு நாளைக்குப் போதும். 2019 செப்டம்பரில் சீபா மாகாணத்தைப் புயல் தாக்கி, 9 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருண்டபோது, மின்சார வண்டிகள் அகதிகள் தங்கிய பொது இடங்களுக்குச் சென்று விளக்கேற்றின.

அமெரிக்காவுக்கு அப்பாடம் 2021 பிப்ரவரியில் வந்தது. டெக்ஸஸ் மாகாணத்தில் கொடும் பனி பெய்து, 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. அப்பேரிடரில் மாண்டவர் 246 பேர் என அம்மாகாண அரசாங்கமே கணக்கிட்டது. போர்டு கம்பெனி, ஜெனரேட்டர் பொருத்திய தன் பிக்கப் லாரிகளை இல்லாதவர்க்கு இரவல் கொடுக்குமாறு அங்குள்ள வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது. மூன்று மாதம் கழித்து, மே 19ஆம் நாள், 'எஃப்-150 லைட்னிங்' என்னும் முழு மின்சாரப் பிக்கப்பை அக்கம்பெனி உலகுக்குக் காட்டியது. அதன் பெரிய பேட்டரி 131 யூனிட் கொண்டது. வீட்டுக்கு ஒரே சமயத்தில் 9.6 கிலோவாட் வரை தரவல்லது. நாளொன்றுக்கு 30 யூனிட் செலவிடும் வீட்டுக்கு மூன்று நாளும், சிக்கனமாய் வாழ்ந்தால் பத்து நாளும் தாங்கும் என்பது அக்கம்பெனியின் கணக்கு. 2022இல் வண்டிகள் வாங்கினோர் கைக்கு வந்தன.

இது வேலை செய்யும் வகையையும் அறிதல் நன்று. பேட்டரியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக்கு வேண்டுவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். முன்னதைப் பின்னதாக்குவது இன்வெர்ட்டர். அதனினும் முக்கியமான மற்றொரு உறுப்புண்டு. வீட்டுக்கு வண்டியின் சக்தியை விடுமுன், தெருக்கம்பியோடுள்ள தொடர்பை அது அடியோடு துண்டிக்கின்றது. அவ்வாறு துண்டிக்காவிடில், வண்டியின் மின்சாரம் தெருவுக்குப் பாய்ந்து, டிரான்ஸ்பார்மரில் பன்மடங்கு பெருகி, கம்பத்தின்மேல் பழுது பார்க்கும் தொழிலாளியைக் கொன்றுவிடும். என் வீட்டு வெளிச்சத்துக்காக இன்னொருவன் உயிர் போகலாகாது என்ற நீதி இங்கே யந்திரத்துக்குள்ளேயே அமைந்திருக்கின்றது.

அந்நீதி யந்திரத்தோடு நின்றுவிடலாமா? அந்தப் பிக்கப்பும் அதன் வீட்டுச் சாதனங்களும் செல்வருக்கே எட்டும் விலையில் இருந்தன. ஒரு வீடு ஒளிர, அடுத்த வீட்டில் நோயாளி இருளில் கிடப்பது விஞ்ஞானத்தின் வெற்றியாகாது. 2025இன் இறுதியில் போர்டு கம்பெனி அம்முழு மின்சாரப் பிக்கப்பின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. கம்பெனிகள் லாபத்தைக் கண்டு வரும். லாபம் குறைந்தால் போகும். 1930களின் குடியானவர் கற்ற பாடமும் இதுவே. ஆகவே, ஆபத்துக்கால வெளிச்சத்தைச் சந்தையின் கருணைக்கு விட்டுவிடலாகாது.

வண்டி வீட்டுக்கு விளக்கேற்றும் என்பது நிரூபணமாகிவிட்டது. எவர் வீட்டுக்கு என்பதே மிச்சமுள்ள கேள்வி. சீபாவில் அவ்வண்டிகள் பொது மண்டபங்களுக்குச் சென்றன என்பதை நினைவில் வைப்போம். நம் நாட்டுச் சாலைகளிலும் மின்சார வண்டிகள் பெருகி வருகின்றன. நம் சங்கங்களும் கூட்டுறவுக் கழகங்களும் நாளை ஒரு வண்டி வாங்க முனையின், அது எத்தனை மைல் ஓடும் என்று கேட்பதோடு நில்லாமல், வெள்ளம் சூழ்ந்த இரவில் மருந்து வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியை எத்தனை மணி நேரம் காக்கும் என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் அறிவே நமக்கு முதல் விளக்கு.