கந்தகத் தீவும் ஒரு சொல்லும்

அந்தத் தீவின் பெயர் உலகத்துக்குத் தப்பாகவே போய்ச் சேர்ந்தது. இவோ ஜிமா என்பது அங்கே குடியிருந்தவர்கள் வழங்கிய பெயரல்ல. அவர்கள் சொன்னது இவோ தோ. எழுதுவது இரண்டும் ஒன்றுபோலத்தான், கந்தகத் தீவு என்று பொருள். தீவு என்பதற்கான எழுத்தை ஜிமா என்றும் வாசிக்கலாம், தோ என்றும் வாசிக்கலாம். யுத்தத்துக்காக வந்திறங்கிய அதிகாரிகள் ஒருவிதமாக வாசித்தார்கள். அதுவே அமெரிக்கர் வாயில் ஏறி நிலைத்தது. 2007இல்தான் ஜப்பானிய அரசாங்கம் பழைய உச்சரிப்பை மீட்டுக் கொடுத்தது. ஊர்க்காரர்கள் இல்லாத ஊருக்கு ஊர்க்காரர்களின் உச்சரிப்பு.

நான் அதைக் கப்பல் தளத்தில் நின்றுதான் பார்த்தேன். வெளியார் இறங்க அனுமதியில்லை. டோக்கியோவின் தகேஷிபா துறையிலிருந்து ஒகசவாரா மாருவில் இருபத்துநாலு மணி நேரம் தெற்கே போனால் சிசிஜிமா. அங்கிருந்து எப்போதாவது ஒருமுறை கப்பல் இன்னும் ஒரு ராத்திரி தெற்கே ஓடி, எரிமலைத் தீவுகளைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும். காலையில் கண்ணில் பட்டது, கடலில் யாரோ வைத்துவிட்டுப்போன பலகைபோலத் தட்டையான நிலம். அதன் தெற்கு ஓரத்தில் ஒரு குன்று. சுரிபாச்சி. அரைக்கிற மண்சட்டி என்று அர்த்தம். 169 மீட்டர்தான். இவ்வளவு சின்னதா என்று பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் சொன்னார். வயதான ஜப்பானியர்கள் சிலர் கைப்பிடிக் கம்பியருகே தலை குனிந்து நின்றார்கள்.

அடியிலிருந்து எரிமலை உந்திக்கொண்டே இருப்பதால் தீவு உயர்ந்துகொண்டும் பெருத்துக்கொண்டும் வருகிறது. 1945இல் அமெரிக்கக் கடற்படை அலைத்தடுப்புக்காக மேற்குக் கரையோரம் மூழ்கடித்த கப்பல்கள் இன்று மணல்மேல் கிடக்கின்றன. 2023இல் தென்கரைக்கு அப்பால் கடலுக்குள் வெடித்து, புதிதாக ஒரு குட்டித் தீவே தலைகாட்டியது. சரித்திரம் புதைத்ததைப் பூமி வெளியே தள்ளுகிறது என்று இதை வைத்து சுலபமாகக் கவிதை பண்ணிவிடலாம். பூமிக்கு அந்த மாதிரி உத்தேசம் எதுவும் கிடையாது.

குன்றின்மேல் கொடி நடும் அந்தப் புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். 1945 பிப்ரவரி 23, ஜோ ரோசந்தால் எடுத்தது. அன்று நட்டதில் இரண்டாவது கொடி அது. யுத்தம் தொடங்கி அப்போது ஐந்தாவது நாள். இன்னும் ஒரு மாதம் பாக்கி. படத்தில் உள்ள ஆறு பேரில் மூவர் அந்தத் தீவிலேயே செத்தார்கள். மீதிப்பேரின் பெயர்களையாவது சரியாகச் சொன்னார்களா என்றால், 2016லும் 2019லும் திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்கர் தரப்பில் ஏறத்தாழ 7,000 சாவு. ஜப்பானியர் சுமார் 21,000 பேரில் உயிரோடு பிடிபட்டவர்கள் ஆயிரம் பேர்தான். ஒரு பிம்பம் இவ்வளவு சாவையும் விழுங்கிவிட்டு வெற்றியை மட்டும் காட்டி நிற்கிறது. வெண்கலத்தில் வார்க்க வசதியான படம்; வார்த்து 1954இல் ஆர்லிங்டனில் நிறுத்தியும் விட்டார்கள்.

எனக்குப் படத்தைவிட முக்கியமாகப் படுவது ஒரு சொல். தளபதி குரிபயாஷி ததமிச்சி அமெரிக்காவில் இருந்தவர். அதன் பலம் தெரிந்தவர். கூச்சலிட்டுப் பாய்ந்து சாகும் வீரத்தைத் தடைசெய்துவிட்டு, கந்தகச் சூட்டில் ஆட்களை மைல்கணக்கில் சுரங்கம் வெட்டவைத்தார். 1945 மார்ச் நடுவில் தலைமையகத்துக்கு அனுப்பிய கடைசித் தந்தியோடு மரபுப்படி கவிதைகளும் அனுப்பினார். முதல் கவிதை, ஆயுதம் தீர்ந்து மடிவது துக்கம் என்று முடிந்தது. பத்திரிகைகளில் வந்தபோது துக்கம் இல்லை. அந்த இடத்தில் ஆற்றாமையும் ரோஷமும் தொனிக்கும் வேறொரு சொல் இருந்தது. தளபதி துக்கப்படக் கூடாது என்று மேலிடத்தில் தீர்மானித்திருக்கிறார்கள். தணிக்கை என்றால் வெட்டுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே வெட்டவில்லை. யாப்பைக்கூடக் கெடுக்காமல், நல்ல கவிதை ரசனையோடு, ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள். மொழி தெரிந்தவன்தான் இதைச் செய்திருக்க முடியும். நம்மைப்போல ஒருவன்.

1994இல் அப்போதைய சக்கரவர்த்தி அகிஹிதோ அந்தத் தீவுக்குப் போனார். அப்போது அவர் எழுதிய கவிதை, தந்தியில் அடிபட்ட அதே சொல்லில் முடிகிறது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு சொல்லுக்கு மறுவாழ்வு. அதை மாற்றியது அவருடைய தகப்பனாரின் பெயரால் யுத்தம் நடத்திய தலைமையகம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

படத்திலும் கவிதையிலும் இல்லாதவர்கள், ஊர்க்காரர்கள். சுமார் 1,100 பேர். கரும்பு, எலுமிச்சைப்புல், மருந்துக்கான கோக்கா இலை என்று பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் இருந்தன. 1944 ஜூலையில் எல்லோரையும் கப்பலேற்றி ஜப்பானுக்கு அனுப்பினார்கள். வயதுவந்த ஆண்கள் நூற்றுச்சொச்சம் பேரை மட்டும் ராணுவ வேலைக்கென்று நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1968இல் அமெரிக்கா தீவைத் திருப்பிக் கொடுத்தது. சிசிஜிமாக்காரர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. இவோ தோ ஜனங்கள் காத்திருந்தார்கள். 1984இல் அரசாங்கக் குழு ஒன்று, எரிமலை காரணமாக அங்கே மனிதர்கள் நிரந்தரமாகக் குடியிருப்பது கடினம் என்று அறிக்கை கொடுத்தது. கல்லறை பார்க்க மட்டும் அவ்வப்போது அழைத்துப் போகிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இன்னும் எடுக்கப்படவில்லை. சில, விமான ஓடுபாதைக்கு அடியில் இருக்கலாம் என்று தேடினார்கள்.

கப்பல் சுற்றி வந்தபோது அந்த ஓடுபாதைப் பக்கம் கட்டடங்கள் தெரிந்தன. மனிதர்கள் குடியிருக்கக் கடினமான அந்தத் தீவில் கடற்படைத் தளத்து ஆட்கள் சில நூறு பேர் வருஷம் முழுக்க இருக்கிறார்கள்.