நாள் மழையும் நாழிகை மழையும்

கொழும்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டையையும் துறைமுகத்தையும் மறப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கான் நிரம்பி வீட்டினுள் நீர் புகுந்த நாட்களும் வரலாறுதானே!

1907ஆம் ஆண்டில், அன்று புல்லர்ஸ் வீதி எனப்பட்ட பௌத்தாலோக மாவத்தையில் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. காலைதோறும் மழைமானியின் நீரை அளந்து குறிக்கும் பணி தலைமுறைகளாகத் தொடர்கிறது. அரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சொல்வது ஒரு நாளின் மொத்தத்தையே. கான் கட்டுவோனுக்கு வேண்டியதோ அம்மழை எத்தனை நிமிடத்தில் பெய்தது என்னும் கணக்கு.

1992 ஜூன் 4ஆம் நாள் கொழும்பில் பதிவான மழை 493.7 மில்லிமீற்றர். பத்துப் பேர்ச் காணியொன்றில் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் லீற்றர். ஆனால் அத்தொகையை இருபத்து நான்கால் வகுத்துப் பாருங்கள்: மணிக்கு இருபது மில்லிமீற்றர் சொச்சம்! சிறு கானும் தாங்கும் என்றே தோன்றும். மழை வகுத்தற் கணக்குப் படித்துவிட்டுப் பெய்வதில்லை.

இந்த மயக்கத்தைத் தீர்ப்பது தானே பதியும் மழைமானி. நீர் ஏற மிதவை ஏறும். கடிகாரத்தோடு சுழலும் தாளில் பேனா கோடிடும். கோடு செங்குத்தாக எழுந்த இடமே வெள்ளம் பிறந்த இடம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவிலேயே அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வனி வழிகாட்டினார். நிலப்பரப்பின் கடைக்கோடி நீர் கானின் வாயை அடைய எவ்வளவு நேரமாகுமோ, அந்நேரத்து மழைச் செறிவே கணக்கில் கொள்ளத்தக்கது. நெருங்கிய ஒழுங்கைகளில் அது நம் பழைய நாழிகை ஒன்றைக்கூட எட்டாது. மணிக்கு நூறு மில்லிமீற்றர் செறிவில் பெய்யும் மழை முழுதும் வழிந்தோடினால், ஒரு ஹெக்டேரிலிருந்து நொடிக்கு 278 லீற்றர் வந்து சேரும்.

இலங்கை மழையின் செறிவு, நேரம், மீள்வரவு ஆகியவற்றை ஆராய்ந்து பகீரதனும் எலிசபெத் ஷோவும் 1978இல் கட்டுரை வெளியிட்டனர். கங்கையை இறக்கியவன் பெயரே வாய்த்தது பொருத்தந்தான்! 1984இல் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் பொன்ராஜாவின் கைந்நூல் வந்தது. அத்தகைய வரைகோடுகள் அவ்வப்போது புதுக்கப்பட வேண்டியவை. மக்கள் வரிப்பணத்தில் பதிந்த மழைக்கணக்கு, பெருந்திட்டக்காரர்க்கு மட்டுமன்றி, ஒழுங்கைக்கு ஒரு கான் கேட்கும் சனசமூக நிலையத்துக்கும் எளிதிற் கிடைத்தல் வேண்டும்.

2010 நவம்பரில் ஓரிரவில் நானூறு மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. வாய்க்காலோரக் குடிசைகள் நன்கறிந்த நீர் அன்று பாராளுமன்ற வளாகத்தினுள்ளும் புகுந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம் 2012இல் வந்தது.