வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமும் நம்ம ஊட்டி மலைச்சரிவும்

சூப்பர்நோவாவாக நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிறது, சரி. நடுவில் மிஞ்சுவது என்ன? நியூட்ரான்களால் ஆன குட்டி உருண்டை என்று 1934-லேயே பாடே, ஸ்விக்கி இருவரும் எழுதிவிட்டார்கள். சூரியனைவிட அதிக எடை, ஆனால் குறுக்களவு 20 கிலோமீட்டர்தான் என்றால் யார் நம்புவார்கள்?

1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், 1.33 நொடிக்கு ஒருமுறை வரும் ரேடியோ துடிப்பைக் கண்டுபிடித்தார். அதுதான் முதல் பல்சார். (1974 நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. அது தனிக்கதை!)

துடிப்பது நியூட்ரான் நட்சத்திரம்தான் என்பதற்குச் சாட்சி 1968-ல் வந்தது. 1054-ல் சீனர்கள் பார்த்து எழுதிவைத்த வெடிப்பின் இடம் நண்டு நெபுலா. அதற்குள் நொடிக்கு 30 முறை துடிக்கும் பல்சார்! தென்வானத்தில் வேலா என்ற பழைய வெடிப்பின் மிச்சத்துக்குள், நொடிக்கு 11 முறை துடிக்கும் இன்னொன்று. வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் நொடிக்கு 30 முறை சுழன்றால் பிய்ந்துபோகும். தவிர, நண்டு பல்சாரின் வேகம் மெல்லக் குறைகிறது. அந்த வீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வயது ஆயிரத்துச் சொச்சம் வருடம். இடமும் பொருந்தியது, வயதும் ஏறக்குறைய பொருந்தியது.

இதில் நம்ம பக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எங்கள் பாலக்காட்டுச் சைலன்ட் வேலியைத் தாண்டினால் நீலகிரி. அங்கே ஊட்டி அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம். அட்சரேகை 11 டிகிரி, மலைச்சரிவும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், ஒரே பொருளை ஒன்பதரை மணிநேரம் தொடரலாம்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் வேலா பல்சார் ஒருநாளும் உதிக்காது. ஊட்டியில் 33 டிகிரி உயரம் வரை ஏறும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதன் வேகம் திடீரென்று கூடும். அதைக் கண்காணிப்பவற்றில் ஊட்டியும் ஒன்று.

1987-ல் பக்கத்து கேலக்ஸியில் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் அன்றே பூமியில் பிடிபட்டன. ஆனால் உள்ளே நியூட்ரான் நட்சத்திரம் இருப்பதற்கு ஜேம்ஸ் வெப் வலுவான தடயம் கொடுத்தது 2024-ல்தான். 37 வருடம்!

அடுத்த லீவுக்கு ஊட்டி போனால் போட் ஹவுஸோடு திரும்பிவிடாதீர்கள். முத்தோரைச் சரிவையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.